கான்கிரீட் வண்டி வர்றதுக்கு முந்தின நாள்: புது வீட்டில் ஒரு நெட்வொர்க் அலமாரி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கியது. திரும்பத் திரும்ப வந்த பேச்சை நீக்கிச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை விட்டுவைத்திருக்கிறோம். கோடிட்டுத் தொடங்குபவை என் கேள்விகள், மற்றவை விருந்தினர் சொன்னவை.)

இந்த எபிசோட் ஒரு கடிதத்தால வந்தது. உடுமலைப்பேட்டை பக்கத்துல வீடு கட்டிக்கிட்டிருக்கிற ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. தரைத்தளமும் முதல் தளமும் சேர்த்து 1,800 சதுர அடி. கீழே அம்மா. மேலே இவங்களும் கணவரும், ரெண்டு பேருக்கும் வீட்டிலிருந்தேதான் வேலை. தரைத்தளக் கூரைக்கு கான்கிரீட் போட இன்னும் 10 நாள் இருக்கு. இன்டீரியர் செய்யுறவர் ‘ஸ்மார்ட் ஹோம் பேக்கேஜ்’ ஒண்ணைக் காட்டியிருக்கார்: டச் ஸ்விட்ச், திரைச்சீலை மோட்டார், குரல் கொடுத்தா எரியுற லைட். கையில மிச்சமிருக்கிற பணம் அதுக்குச் சரியாப் போயிடும். “இதை எடுக்கலாமா? இல்லைன்னா இந்த 10 நாளில் நான் வேறு என்ன செய்யணும்?” இதுதான் அவங்க கேள்வி.

பதில் சொல்ல கோவையிலிருந்து ஒருத்தரைக் கூப்பிட்டேன். வீடு, ஆஸ்பத்திரி, மில்லு ஆபீஸ்னு பல வருஷமா டேட்டா கேபிள் இழுக்கிற வேலை செய்யுறவர். வாடிக்கையாளர் வீட்டுக் கதையெல்லாம் வரும், அதனால பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். நான் அண்ணான்னே கூப்பிடுறேன்.

— அண்ணா, நேரா கேட்டுடறேன். அந்தப் பேக்கேஜை எடுக்கலாமா?

இப்ப வேண்டாம்ங்க தம்பி. எப்பவுமே வேண்டாம்னு சொல்லலை. ஸ்மார்ட் ஸ்விட்சை பால் காய்ச்சி மூணு வருஷம் கழிச்சுக்கூட வாங்கிக்கலாம். ஆனா கூரைக்குள்ள பைப் போடறதுக்கு நாள் ஒண்ணுதான். கம்பி கட்டி முடிச்சு, கான்கிரீட் வண்டி வர்றதுக்கு முந்தின நாள். அதை விட்டுட்டா அப்புறம் சுவர் மேல வெள்ளைப் பட்டை ஒட்டித்தான் வயர் கொண்டு போகணும், இல்லைன்னா பெயின்ட் அடிச்ச சுவரை மறுபடி வெட்டணும். அதனால அந்தம்மா கையில இருக்கற காசுக்கு வரிசை இதுதானுங்க: முதல்ல பைப், அப்புறம் நல்ல கேபிள், அப்புறம் அந்தக் கேபிள் எல்லாம் வந்து சேர ஒரு இடம். அதுல மாட்டற பொருள் கடைசி.

— அந்த ‘வந்து சேர ஒரு இடம்’, அதைத்தான் வயரிங் க்ளாசெட்னு சொல்றாங்க. நம்ம ஊர் வீட்டுல அது எப்படி இருக்கும்?

பெரிய ரூம் ஒண்ணும் இல்லீங்க. கரண்டுக்கு டி.பி. இருக்கில்லீங்களா, எல்லா லைனும் அங்கிருந்து பிரியற மாதிரி? டேட்டாவுக்கும் அதே மாதிரி ஒரு டி.பி.ன்னு வெச்சுக்கங்க. ஒவ்வொரு பாயிண்டுக்கும் இங்கிருந்து நேரா ஒரு தனிக் கேபிள். ஒரு ரூம்ல இருந்து அடுத்த ரூமுக்குத் தாவிப் போகக் கூடாது. கரண்டு லைனை லூப் அடிச்சுப் பழகின எலக்ட்ரீசியன் இதையும் பாக்ஸ் பாக்ஸா தாவி விட்டுடுவார். அவர் மேல தப்பு இல்லை, அவர் வேலை அப்படி. முன்னாடியே உட்கார வெச்சு வரைஞ்சு காட்டிடணும்.

சுவர்ல மாட்டற ரேக் வருது. அகலம் 19 இஞ்ச் கணக்கு, உயரத்தை ‘யு’ன்னு சொல்லுவாங்க, ஒரு யு 1.75 இஞ்ச். வீட்டுக்கு 6 யு போதும்னு கடைக்காரர் சொல்லுவார். நான் 9 யு வாங்கச் சொல்லுவேன். ஃபைபர் வந்து இறங்கற பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச், கேபிளெல்லாம் வந்து குத்தற பேட்ச் பேனல், கேமரா ரெக்கார்டர், குட்டி யு.பி.எஸ்.னு அடுக்கினா 6 யு அன்னைக்கே நிறைஞ்சுடும். கை நுழையலைன்னா ஒரு வயரைத் தொடப் போய் இன்னொண்ணைப் பிடுங்கிடுவீங்க.

— எங்கே வைக்கிறது? மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தைத்தான் எல்லாரும் காட்டுறாங்க.

மாடிப்படிக்குக் கீழே நல்ல இடம்தான், அங்க இன்வெர்ட்டர் பேட்டரி இல்லாம இருந்தா. தண்ணி ஊத்தற பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், கூடவே ஆசிட் ஆவியும் கொஞ்சம். அதோட ஒரே அலமாரிக்குள்ள கதவைச் சாத்தி வெச்சா, பேட்ச் பேனல் பின்னுங்க பச்சை பூத்துப் போகும். பாத்ரூம் ஒட்டின சுவர் வேண்டாம். மேல் தளத்து பாத்ரூமுக்கு நேர் கீழேயும் வேண்டாம். மேற்குச் சுவர் வேண்டாம், சித்திரை வெயிலுக்கு சாயங்காலம் ஏழு மணிக்கும் தொட்டா சுடும். பரண் மேல வைக்கவே வேண்டாம், அங்கதான் வீட்டுலயே சூடு அதிகம், ஏணி போடாம எதுவும் பண்ண முடியாது. வாஸ்து பார்க்கறவர் அக்னி மூலைம்பார். அங்க சமையலறை இருக்கும், எண்ணெய்ப் புகை ஃபேன்ல போய் ஒட்டும். அதை அவர்கிட்ட நீங்கதான் பேசிக்கணும்.

அந்தம்மா வீட்டுக்கு நான் என்ன சொல்லுவேன்னா, கீழ் தளத்துல, படிக்குப் பக்கத்து நடையில, நின்னா கை எட்டற உயரத்துல. ஏன்னா அவங்க ரெண்டு பேரும் வெளியூர் போயிருக்கும்போது நெட் நின்னு போச்சுன்னா, வீட்டுல இருக்கறது பெரியம்மா மட்டும்தான். மகள் போன்ல “அந்த ஸ்விட்சை அணைச்சுப் போடும்மா”ன்னு சொன்னா, அவங்க படியேறாம போய் அணைச்சுப் போட முடியணும். அந்த ஒரு ஸ்விட்ச் ரேக்குக்கு வெளியே, பெரிய எழுத்துல ‘நெட்’னு எழுதி இருக்கணும்.

— சரி, கூரைக்கு வருவோம். 10 நாள் கெடு அதுக்குத்தானே.

ஆமாங்க. இதைக் கொஞ்சம் நிதானமாவே சொல்றேன்.

பைப் கீழ்க் கம்பி வலைக்கு மேலதான் உட்காரணும். சென்ட்ரிங் பலகை மேல பைப்பை வெச்சு அதுக்கு மேல கம்பி கட்டினா, பைப்புக்குக் கீழே கான்கிரீட்டே இருக்காது. பின்னாடி அந்தக் கோட்டுலயே விரிசல் தெரியும். பைப்புக்கும் பைப்புக்கும் நடுவுல இடைவெளி வேணும், ஜல்லி இறங்கற அளவுக்கு. இங்கதான் நம்ம அலமாரியால ஒரு சிக்கல் வருது. எல்லாப் பைப்பும் ஒரே இடத்துக்கு வர்றதால, அந்த இடத்துல பத்துப் பைப் ஒட்டி ஒட்டிப் படுக்கும். அங்க கூரையில கான்கிரீட்டை விட பிளாஸ்டிக் அதிகமாப் போயிடும். அப்படி விடக் கூடாது. பாதியைக் கூரை வழியா, மீதியைச் சுவர் வழியா கொண்டு வரணும். கூரையில வர்றதையும் ஒரே மூலையில இறக்காம அலமாரிச் சுவர் நீளத்துக்கு விரிச்சு இறக்கணும். எத்தனை பைப், எந்த வழின்னு ஒரு தாள்ல போட்டு இன்ஜினியர்கிட்ட காட்டிடுங்க. பீமையோ தூணையோ பைப்புக்காக யாரும் அவர் சொல்லாம தொடக் கூடாது.

பைப் 25 எம்.எம். எடுங்க, ஒரு இஞ்சும்பாங்க. மெல்லிசு வேண்டாம், மீடியமோ ஹெவியோ. கேட் 6 கேபிள் ஒண்ணு சுமார் 6 எம்.எம். தடிமன். 25 எம்.எம். பைப்புல நாலு கேபிள் சிரமமில்லாமப் போகும். 20 எம்.எம்.ன்னா ரெண்டோட நிறுத்திக்கணும். பைப்பை நிறைக்கக் கூடாதுங்க. பாதிக்கு மேல காலியா இருந்தாத்தான் நாளைக்கு ஒண்ணு சேர்த்து இழுக்கலாம்.

வளைவுக்குக் குட்டி எல்போ போடாதீங்க, நீள பெண்டு போடுங்க. ஒரு பாக்ஸ்ல இருந்து அடுத்த பாக்ஸுக்குள்ள ரெண்டு வளைவுதான். மூணாவது வந்தா நடுவுல ஒரு பாக்ஸ் வெச்சுடணும். கேட் 6 கேபிளை 11 கிலோ இழுவைக்கு மேல இழுக்கக் கூடாதுன்னு கணக்கு இருக்கு. வளைவு அதிகமானா ரெண்டு ஆள் சேர்ந்து இழுப்பாங்க, உள்ளே முறுக்கு கலைஞ்சுடும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு “ஏன் இந்த ரூம்ல மட்டும் ஸ்பீடு 100 காட்டுது”ன்னு போன் வரும்.

ஜாயிண்டுக்கு சொல்யூஷன் போட்டு ஒட்டணும், கம்பியோட கட்டுக்கம்பியில கட்டணும், முனைக்கெல்லாம் மூடி போட்டு டேப் சுத்தணும். கான்கிரீட் அன்னைக்கு எலக்ட்ரீசியன் அங்கயே நிக்கணும். பாண்டு தூக்கறவங்க கால் பட்டோ, வைப்ரேட்டர் பட்டோ ஜாயிண்ட் கழண்டா உடனே மாட்ட ஆள் வேணும். நான் போன ஒரு வீட்டுல ஏழு பைப்புல மூணு, சிமென்ட் பால் உள்ளே போய் கல்லா இருந்துச்சு. அது தெரிஞ்சது பூச்சு வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு. அதனால சென்ட்ரிங் பிரிச்ச உடனே முதல் வேலை, ஒவ்வொரு பைப்புலயும் ஸ்பிரிங் விட்டுப் பார்க்கறது. ஒண்ணு ரெண்டு அடைச்சிருந்தா அப்ப சுவர்ல வேற வழி வெட்டிக்கலாம், இன்னும் பூசலையில்ல.

— எத்தனை பாயிண்ட் வேணும்? சிலர் ‘எல்லாம் வைஃபைதானே, கேபிள் எதுக்கு’ங்கறாங்க.

வைஃபை நல்லா வர்றதுக்குத்தானுங்க கேபிளே. கம்பி கட்டின கான்கிரீட் தளத்தைத் தாண்டி 5 கிகா ஹெர்ட்ஸ் அலை போறது ரொம்பக் கஷ்டம். கீழே ஹால்ல ஒரு ரவுட்டரை வெச்சுட்டு மேலே மூலை ரூம்ல வீடியோ மீட்டிங் பேச முடியாது. தளத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயிண்ட், நடுவுல, சீலிங்ல. அதுக்குக் கேபிள் வழியாவே கரண்டும் போயிடும், பி.ஓ.இ.ன்னு பேரு. பக்கத்துல பிளக் வேண்டியதில்லை.

இந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலை பார்க்கற மேசை ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு, ஆக நாலு. டி.வி. ரெண்டு. பெரியம்மா ரூம்ல ஒண்ணு. ஆக்சஸ் பாயிண்ட் ரெண்டு. கேமரா நாலு. கேட்டுக்கு ஒண்ணு, மொட்டை மாடிக்கு ஒண்ணு. மொத்தம் 15. ஒரு கேபிள் சராசரி 15 மீட்டர்னா 225 மீட்டர். ஒரு பெட்டி 305 மீட்டர் வரும், அதுலயே முடிஞ்சுடும். அலமாரியில ஒவ்வொண்ணையும் ரெண்டு மீட்டர் கூடவே விட்டு வெட்டுங்க, சுருட்டி வெச்சுக்கலாம். அப்புறம், இப்ப எதுவும் தோணலைன்னாலும் அலமாரியில இருந்து மொட்டை மாடிக்கு ஒண்ணு, தெருப்பக்கம் வெளிச்சுவருக்கு ஒண்ணுன்னு ரெண்டு வெறும் பைப் விடுங்க. ஃபைபர்காரர் அந்தத் தெருப்பக்கப் பைப்புல வந்துட்டுப் போவார். இல்லைன்னா ஜன்னல் சட்டத்துல ஓட்டை போடுவார், நீங்க பார்த்திருப்பீங்க.

— கேபிள்ல எதைப் பார்த்து வாங்கணும்? கேட் 6, 6ஏன்னு ஏகப்பட்டது இருக்கே.

கேட் 6 போதும். அதுல 10 ஜிகாபிட் சுமார் 55 மீட்டர் வரைக்கும் போகும். இந்த வீட்டுல எந்தக் கேபிளும் 30 மீட்டரைத் தாண்டாது. 6ஏ தடிமன் அதிகம், வளையாது, பைப் பெரிசா வேணும். அதுக்குக் கொடுக்கற காசை நல்ல செம்புக்குக் கொடுங்க.

சந்தையில ‘கேட் 6’னு அச்சடிச்சு சி.சி.ஏ. விக்குது. உள்ளே அலுமினியம், மேல செம்பு முலாம். விலையில நிறைய வித்தியாசம் இருக்கும், அதுதான் ஆளை மயக்கும். தரக் கட்டுப்பாட்டுல அதுக்கு கேட் 6னு பேரே கிடையாது. மின்தடை அதிகம், கேமராவுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் கரண்டு அனுப்பும்போது வோல்ட் குறையும், கட்டாப் போனா சூடாகும். ஜாயிண்ட்ல கம்பி நாலு தடவை மடக்கினா ஒடிஞ்சுடும். கண்டுபிடிக்க லேப் எல்லாம் வேண்டாம். ஒரு கம்பியை உரிச்சு பிளேடால சுரண்டுங்க, உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. பெட்டியைத் தூக்கினாலே தெரியும், செம்பு கனக்கும்.

— எலக்ட்ரீசியன் ‘ஒரே பைப்புல ரெண்டையும் விட்டுடலாம், பைப் மிச்சம்’னு சொன்னா?

ஒத்துக்காதீங்க. சிக்னல் கெடும்ங்கறதை விடுங்க, 230 வோல்ட் வயர் தோல் உரிஞ்சு டேட்டா கேபிளைத் தொட்டா, ரவுட்டரைத் தொடற ஆளுக்கு ஷாக். பைப் தனி, பாக்ஸ் தனி. பக்கம் பக்கமா ஓடினா ஒரு அடி தள்ளி ஓடட்டும். குறுக்கே போக வேண்டி வந்தா செங்குத்தாத் தாண்டணும்.

இன்னொரு விஷயம், அவர் ஏன் அப்படிச் சொல்றார்னு யோசிக்கணும். பெரும்பாலும் பாயிண்ட் கணக்குலயோ சதுர அடிக் கணக்குலயோ மொத்தமாப் பேசியிருப்பீங்க. அதுல டேட்டா பைப் இருந்திருக்காது. அவருக்கு இது கூலி இல்லாத வேலை. இத்தனை பைப், இவ்வளவு கூலின்னு தனியாப் பேசிடுங்க. இந்த வேலை நல்லா வர்றதும் வராததும் பாதி அதுலதான் இருக்கு.

— ஆட்டோமேஷன் பின்னாடி பார்த்துக்கலாம்னு சொன்னீங்க. பின்னாடி போடறதுக்கு இப்பவே எதையாவது விட்டுவைக்கணுமா?

மூணு விஷயம். ஒண்ணு, ஒவ்வொரு ஸ்விட்ச் பாக்ஸுக்கும் நியூட்ரல். ஸ்மார்ட் ஸ்விட்ச் பெரும்பாலானதுக்கு அது வேணும். நம்ம ஊர்ல பிளக் இருக்கற பாக்ஸ்ல நியூட்ரல் வந்திருக்கும், வெறும் லைட் ஸ்விட்ச் மட்டும் இருக்கற பாக்ஸ்ல பல பேர் விட மாட்டாங்க. படிக்கட்டு ஸ்விட்ச், பாத்ரூம் வெளி ஸ்விட்ச் இதெல்லாம் தனியாச் சொல்லிச் செய்யணும். ரெண்டு, பாக்ஸ் ஆழமா இருக்கணும். ஸ்விட்சுக்குப் பின்னாடி ஒளிஞ்சு உட்கார்ற குட்டி ரிலே வருது, அதுக்கு இடம். மூணு, ஜன்னல் மேல ஓரத்துல திரைச்சீலை மோட்டாருக்கு ஒரு கரண்டு பாயிண்ட். மோட்டார் வாங்கறீங்களோ இல்லையோ, பாயிண்ட் இருக்கட்டும்.

— ரிலே வெச்சா பழைய மாதிரி சாதா ஸ்விட்சும் வேலை செய்யும் இல்லையா?

அதுக்குத்தான் அதைச் சொல்றேன். பெரியம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தா, சுவர்ல தடவி ஒரு ஸ்விட்சைத் தட்டுனா லைட் எரியணும். ரவுட்டர் செத்துக் கிடந்தாலும், இன்டர்நெட் பில் கட்டலைன்னாலும், அந்தக் கம்பெனியே மூடிட்டுப் போயிட்டாலும் எரியணும். வாங்கறதுக்கு முன்னாடி கடையில ஒண்ணே ஒண்ணு கேளுங்க: “நெட்டைப் பிடுங்கிட்டா இது என்ன பண்ணும்?” அந்தப் பேக்கேஜ்காரர்கிட்டயும் அதையே கேட்கச் சொல்லுங்க. வீட்டுக்குள்ளயே ஓடற ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி இலவச மென்பொருள் இருக்கு, குட்டி கம்ப்யூட்டர் ஒண்ணுல போட்டு இதே அலமாரியில வெச்சுக்கலாம். ஆனா ஜிக்பீ ஹப் மாதிரி ரேடியோல பேசற பொருளை இரும்பு ரேக்குக்குள்ள அடைக்காதீங்க, அலை வெளியே வராது. ஒரு கேபிளை ஹால் பக்கம் இழுத்து வெளியே வைக்கணும்.

— இது எல்லாம் 24 மணி நேரமும் ஓடும். கரண்டு எவ்வளவு இழுக்கும்?

கேமரா நாலு, ஆக்சஸ் பாயிண்ட் ரெண்டு, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 80, 100 வாட்டுக்கு வந்துடும். 100 வாட்னே வெச்சுக்கங்க. ஒரு நாளைக்கு 2.4 யூனிட். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், 60 நாளைக்கு 144 யூனிட். இலவசமாக் கொடுக்கற 100 யூனிட்டை இந்த அலமாரி ஒண்ணே தின்னு முடிச்சு மேலயும் கேட்கும். யாரும் இதை முன்னாடி சொல்றதில்லை. ரெண்டாயிரம் ரூபாய் மிச்சம்னு பழைய கம்ப்யூட்டர் சர்வரை வாங்கி வைக்கறவங்களுக்கு இன்னும் ஏறும்.

அந்த 100 வாட்டும் கடைசியில சூடாத்தான் மாறுது. அதனால கதவுக்குக் கீழேயும் மேலேயும் காற்று வழி வேணும். கொசுவலை அடிச்சுடுங்க, இல்லைன்னா பல்லி உள்ளே போய் கதகதப்பா முட்டை வைக்கும். நான் விளையாட்டுக்குச் சொல்லலை.

அலமாரிக்கு இன்வெர்ட்டர் லைன்ல இருந்து தனி எம்.சி.பி. கொடுங்க. கரண்டு போய் இன்வெர்ட்டர் எடுக்கற அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல ரவுட்டர் அணைஞ்சு எழும், மீட்டிங் அறுந்து போகும். இன்வெர்ட்டர்ல யு.பி.எஸ். மோடு இருந்தா அதுல போடுங்க, அப்பவும் அணையுதுன்னா ரவுட்டருக்கு மட்டும் ஒரு குட்டி யு.பி.எஸ்.

— கடைசியா, கேட் கேமரா. அதுக்கும் இதே கேபிள்தானா?

தோட்டத்து வழியா செம்புக் கேபிள் கேட்டுக்குப் போகுதுன்னா, ஐப்பசி இடி மழையில அது ஒரு ஏரியல் மாதிரி. பக்கத்துல எங்கயோ மின்னல் விழுந்தாப் போதும், கேபிள் வழியா வர்ற அதிர்ச்சி கேமராவோட நிக்காம ஸ்விட்சையும் கூட்டிக்கிட்டுப் போயிடும். அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் ஃபைபர் போடுங்க, கண்ணாடியில கரண்டு வராது. ரெண்டு முனையிலயும் ஒரு மீடியா கன்வர்ட்டர், கேட்டுக்கு விளக்குக்குப் போற கரண்டுலயே கேமராவும் ஓடிடும். ஃபைபர் கேபிளோட சில சமயம் இரும்புத் தாங்குகம்பி சேர்ந்து வரும், அதை வெளிச்சுவர்லயே வெட்டி விட்டுடணும், அலமாரி வரைக்கும் கொண்டு வரக் கூடாது.

செம்புதான் போடறோம்னா வெயில் தாங்கற வெளிப்புறக் கேபிள் வாங்குங்க, உள்ளுக்குப் போடற பி.வி.சி. உறை வெயில்ல வெடிச்சுடும். அலமாரிக்குள்ள நுழையற இடத்துல ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். ரேக்கை வீட்டு எர்த்தோட கட்டணும், மெயின் டி.பி.யிலயும் ஒரு எஸ்.பி.டி. இருக்கணும். ஆனா எர்த்தே சரியில்லைன்னா இது ரெண்டும் சும்மா பெட்டிதான். எர்த் குழி தோண்டறப்போ பக்கத்துல நின்னு பாருங்க, கரி உப்பு போட்டுட்டாங்களான்னு மட்டும் பார்க்காம, மீட்டர் வெச்சு ஓம் அளந்து காட்டச் சொல்லுங்க.

(எர்த்திங் பற்றித் தனியாக ஒரு எபிசோட் பதிவு செய்திருக்கிறோம். அடுத்து வருவது அதுதான்.)